அறிகுறியைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள்: எச்.ஐ.வி. கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு அரசு கிளினிக்கில் பரிசோதனை அறையில் வேலை பார்க்கும் நர்ஸ் நான். பெயர் போடாமல் கேட்டவர்களுக்குப் பதில் எழுதுகிறேன். ஒருவருடைய கேள்வி அவசரமானது, அதனால் அது முதலில்.

நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது சிஸ்டர். மூன்று மாதம் கழித்துத்தான் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

இல்லை தம்பி, இன்றைக்கே கிளம்புங்கள். கிளினிக் மூடியிருந்தால் ஆஸ்பத்திரி கேஷுவல்டிக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, கிருமி தொற்றாமல் தடுக்கும் ‘பெப்’ மாத்திரை வேண்டும் என்று கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் இன்னும் நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இந்தப் பதிலை முழுக்கப் படித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஒரு பெண்ணோடு இருந்து மூன்று வாரம் ஆகிறது. காய்ச்சல், தொண்டை வலி, மார்பில் சிவப்புத் தடிப்பு. இது எச்.ஐ.வி.தானா? வயது 26, ஃபீனிக்ஸ்.

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிருமி உடம்புக்குள் போன இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்கு இப்படி வரும்: காய்ச்சல், தொண்டைப் புண், தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுவது, உடம்பு வலி. ஃப்ளூவுக்கும் இதேதான். பலருக்கு ஒன்றுமே தெரியாது. வந்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். அதற்கப்புறம் பல வருஷம் ஆள் நன்றாகவே இருப்பார், கிருமி மட்டும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். தடிப்பு மறைந்தது என்று நிம்மதியாகிவிடாதீர்கள்.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம், கால் மணி, இருபது நிமிஷத்தில் கிட்டில் கோடு தெரியும். கோடு வந்தால் வேறு வகைக் கிட்டில் மறுபடி பார்த்துத்தான் சொல்வோம். ஆனால் அது தேடுவது உங்கள் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. மூன்று வாரத்தில் அது போதிய அளவு இல்லாமல் இருக்கலாம். அதனால் இப்போதே வாருங்கள், அறிகுறியையும் சொல்லுங்கள், லேபுக்கும் ரத்தம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நெகட்டிவ் என்றாலும் மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு தடவை. அதுவரை ஆணுறை கட்டாயம்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அவர் டெஸ்ட் நெகட்டிவ். அப்போது எனக்கும் இல்லைதானே?

அவர் டெஸ்ட் அவருக்கு மட்டும்தான் அம்மா. ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் போகிற தம்பதிகளை நிறையப் பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒன்றாக வாருங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. அப்பா போய்ப் பல வருஷமாச்சு. உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, இருமல், ராத்திரி வேர்வை, போன வருஷம் அக்கியும் வந்தது. சர்க்கரை டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று.

எச்.ஐ.வி. பார்த்தார்களா? உங்கள் கேள்வியில் அது இல்லை. டாக்டரும் கேட்டிருக்க மாட்டார், கோவிலுக்குப் போய்வருகிற ஒரு அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம். இந்தக் கூச்சம் எனக்கு ரொம்பக் கோபம் வரவைக்கிற விஷயம். நம் குவாசுலு-நட்டால் இந்த நோய் மிக அதிகமாக உள்ள மாகாணங்களில் ஒன்று. அது இந்தியர் வீட்டு வாசலில் நின்றுவிடுவதில்லை. அப்பாவிடமிருந்தே வந்து இத்தனை வருஷம் ஒளிந்திருக்கலாம். நீங்கள் சொன்ன அடையாளங்களோடு வாயில் வெள்ளைப் படலம், நிற்காத பேதி இருந்தாலும் உடனே பார்க்க வேண்டும். சளியை டிபிக்கும் அனுப்பச் சொல்லுங்கள், நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது டிபிதான். புற்றுநோயாகவோ தைராய்டாகவோகூட இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். அம்மாவிடம், “எல்லா ரத்த டெஸ்டும் எடுக்கிறோம், இதுவும் அதில் ஒன்று” என்று நேராகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். தெரியாமல் எடுக்கக் கூடாது.

காவடிக்கு அலகு குத்துவதில் வருமா?

ஒருவருக்குக் குத்தியதை ரத்தத்தோடு அப்படியே இன்னொருவருக்குக் குத்தினால் ஆபத்து உண்டு, ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய் எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாகத் தொற்றும். விபூதியோ எலுமிச்சம்பழமோ கிருமியைக் கொல்லாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி, ஸ்டெரிலைஸ் செய்த அலகு. குத்துகிறவர் ஆள் மாறும்போது கையுறையையும் மாற்ற வேண்டும்.

புது வேலையில் எச்.ஐ.வி. ரிப்போர்ட் கேட்கிறார்கள்.

1998 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி, தொழிலாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் முதலாளி இந்த டெஸ்டைக் கேட்க முடியாது. கொடுக்காதீர்கள்.

எனக்கு 15 வயது. அம்மாவுக்குத் தெரியாமல் டெஸ்ட் எடுக்கலாமா?

எடுக்கலாம் கண்ணு. 12 வயதிலிருந்து உன் சம்மதமே போதும், நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தியிருந்தால் அதையும் நர்ஸிடம் சொல்லு.

பாசிட்டிவ் வந்து ஆறு மாதம். மாத்திரை சாப்பிடுகிறேன். கல்யாணம், குழந்தை எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. நம் நாட்டில் 2016 செப்டம்பரிலிருந்து, சிடி4 (உடம்பின் எதிர்ப்பு சக்தி அணுக்கள்) எண்ணிக்கை எதுவானாலும் பாசிட்டிவ் வந்த எல்லோருக்கும் இலவச மருந்து. தினம் ஒன்று, நேரம் தவறாமல். உங்கள் வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உடலுறவில் துணைக்குத் தொற்றாது. கர்ப்பமானதும் கிளினிக்கில் பதிவு செய்யுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரும்பு, கால்சியம் மாத்திரை கொடுத்தால் எச்.ஐ.வி. மாத்திரையையும் அவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில் சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. குழந்தை பிறந்ததும் அதற்கும் மருந்து தருவோம், ரத்தமும் எடுத்துப் பார்ப்போம்.