டாக்டர் ஆகாமல் ஆஸ்பத்திரியில் பெரிய பொறுப்புக்கு வர முடியுமா?

அன்புள்ள அம்மா,

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருந்தீர்கள்: "பொண்ணு பி.காம். முடிச்சிட்டா. ஆஸ்பத்திரி நிர்வாகம்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல, அங்க இவளுக்கு என்ன வேலை?"

என் அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த நாளைச் சொல்கிறேன். அது ஒரு தனியார் மருத்துவமனை. காலை ரவுண்ட்ஸில் "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர். வீடு வந்து சேர இரவாகிவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய இளம் டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். மிச்ச மருந்து வார்டிலிருந்து பார்மசிக்குத் திரும்பினால்தான் பில்லை முடிக்க முடியும். எடுத்துப்போக ஆள் இல்லை. பில் போன பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு விளக்கம் கேட்டது. பதில் சொல்ல வேண்டியவர் ஷிஃப்ட் முடிந்து கிளம்பியிருந்தார். யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் வேலை நின்றது. அப்பா காலி செய்யாத அந்தக் கட்டிலுக்காகக் கீழே எமர்ஜென்சியில் யார் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார்களோ என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கை மாறும் இடங்கள்தான் ஆபரேஷன்ஸ் தலைவரின் வேலை. இந்த ஆபரேஷன்ஸ் அறுவை சிகிச்சை அல்ல, ஆஸ்பத்திரியின் அன்றாட இயக்கம். உங்கள் மகள் படிக்க நினைக்கும் நிர்வாகப் படிப்பு கொண்டுபோகும் பெரிய பொறுப்பு இதுதான். நாம் கையிலிருந்து கட்டாமல் இன்சூரன்ஸ் கம்பெனியே பில்லைக் கட்டும் 'கேஷ்லெஸ்' சிகிச்சையில் டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் சொல்லிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரி கோரிக்கை அனுப்பிய பிறகுதான் அந்த 3 மணி நேரம் ஓடத் தொடங்கும். அந்தக் கோரிக்கை காலை 11 மணிக்கே போகுமா, மாலை 4 மணிக்குத்தான் போகுமா? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவர்.

ஜெனரேட்டர், லிஃப்ட், ஆக்சிஜன், சலவை, மருத்துவக் கழிவு, என்.ஏ.பி.எச். என்ற மருத்துவமனைத் தரச்சான்று என்று மற்றவையும் இவர் தலையில்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்றதே, அப்படிப்பட்ட நாளில் டீசல் எவ்வளவு இருக்கிறது, அடுத்த ஷிஃப்ட் நர்ஸ்கள் எப்படி வந்து சேர்வார்கள் என்று முந்தைய நாளே யோசித்திருக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் டீன், ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) பதவிகள் டாக்டர்களுக்கே. உங்கள் மகளுக்கான வழி தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளில் இருக்கிறது. அங்கும் படித்து முடித்ததும் நாற்காலி கிடைக்காது. பில்லிங் அல்லது இன்சூரன்ஸ் மேசையில் தொடங்கி, ஒரு வார்டு, ஒரு பிரிவு, பிறகு ஒரு கிளை என்று ஏற எத்தனையோ வருடம் ஆகும். பி.காம். அந்த முதல் மேசைக்கு நல்ல பலம்.

மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.பி.ஏ. அல்லது எம்.எச்.ஏ. பொதுவாக 2 வருடப் படிப்பு. நகையை அடகு வைத்துச் சேர்க்கும் முன், எத்தனை மாதம் மருத்துவமனைக்குள் பயிற்சி, எந்தெந்தப் பிரிவில் என்று கல்லூரியில் கேளுங்கள். போன வருடம் முடித்தவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். வகுப்பறையிலேயே முடிகிற படிப்பு என்றால் வேண்டாம். என்னைக் கேட்டால், முதலில் அவள் ஒரு வருடம் ஏதாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கட்டும். அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் பில் தொகையைப் பொறுமையாக விளக்க அவளுக்கு மனம் வருகிறதா என்று அங்கேதான் தெரியும். வந்தால் தைரியமாகப் படிக்க வையுங்கள்.

இரவுப் பணி வரும், தவிர்க்க முடியாது. வேலைக்குச் சேரும்போதே, ராத்திரி ஷிஃப்டுக்கு வீடு வரை வண்டி விடுவார்களா என்று அவளைக் கேட்கச் சொல்லுங்கள். விட மாட்டோம் என்றால் வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம்.