கணினி விசிறியின் இரைச்சல்

கேள்வி: பழைய மேசைக் கணினியின் விசிறி பெரிதாக இரைகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம்; முதலில் ஒலியைக் கவனியுங்கள். காற்று சீறுவதுபோல் கேட்டால், பெரும்பாலும் கணினியின் மூளையான புராசசரின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் படிந்து, வெப்பம் வெளியேற வழியின்றி, விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது என்று பொருள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள்; இறக்கையைச் சுழலவிட்டு ஊதுவது அதன் அச்சைத் தாங்கும் பேரிங்கைக் கெடுக்கும் என்பதால், இதில் கவனக்குறைவு கூடவே கூடாது. பிறகும் வெப்பம் தணியாவிட்டால், புராசசரின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை (வெப்பத்தை ஹீட் சிங்குக்குக் கடத்தும் பசை) துடைத்துப் புதிதாகப் பூசுங்கள்.

கரகரவென்ற ஒலியானால், ஏதேனும் வயர் இறக்கையில் உரசுகிறதா என்று பாருங்கள். இல்லையெனில் பேரிங் தேய்ந்திருக்கும். எண்ணெய் விடுவது தற்காலிகத் தீர்வே. கேபினெட்டில் இடமிருந்தால் 120 மி.மீ. விசிறியை வாங்குங்கள், பெரிய விசிறி குறைந்த வேகத்திலேயே போதிய காற்றைத் தள்ளும்.