பெரிய லென்ஸ் இல்லாமல் கொல்லைப்புறத்துப் பறவைகளைப் படம் எடுக்க முடியுமா?

முடியும். நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பதினைந்தடி இடம், சுற்றிலும் மாடி வீடுகள், கையில் பழைய கேமராவும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கிறது, பக்கத்தில் போனாலே பறவை பறந்துவிடுகிறது, 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால்தான் ஆகுமா? எனக்கு முன்னால் பதில் சொன்னவர்கள் எல்லாரும் எந்த லென்ஸ் நல்லது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் "பக்கத்தில் போனாலே பறந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். பறவையிடம் நீங்கள் போகாதீர்கள். அது வரும். இந்தச் சின்ன விஷயத்தை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை, அதையும் சொல்கிறேன்.

என் இடமும் கிட்டத்தட்ட உங்களுடையது மாதிரிதான். ஒரு செம்பருத்தி, ஒரு கொய்யா மரம், துணிக்கொடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். ஆறு வருடத்தில் என் நோட்டில் 31 வகைப் பறவைகள் ஏறியிருக்கின்றன. மேலே பறந்து போனதையும் சேர்த்துத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். காட்டுக்கும் ஏரிக்கும் போகாமல் கொல்லையில் உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் பறவை நோக்குதலா என்று கேட்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அமெரிக்காவில் இருக்கிற கார்னெல் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்புக்கான ஆடுபான் சங்கமும் சேர்ந்து 1998-ல் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்புக்குப் பெயரே கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புதான். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள், நீங்கள் இருக்கிற இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் உட்கார்ந்து எண்ணி, இபேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். 2013 முதல் உலகம் முழுக்க நடக்கிறது. கொல்லையில் பார்த்த காக்கையும் மைனாவும் கணக்குக்கு ஆகாது என்றால் அவர்கள் ஏன் கேட்டு வாங்கப் போகிறார்கள்?

சரி, செய்ய வேண்டியது என்னவென்றால், முதல் பத்து நாளைக்குக் கேமராவைத் தொடாதீர்கள். விடிந்ததும் ஒரு மணி நேரம், ஒரே இடத்தில், முடிந்தால் கதவு நிலைக்கு உள்பக்கமாக, நிழலில், ஸ்டூல் போட்டு உட்காருங்கள். மங்கலான நிறத்தில் ஒரு சட்டை, தினமும் அதே மாதிரி. பறவையை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காதீர்கள். நாம் உற்றுப் பார்ப்பது அதற்குத் தெரிகிறது, பூனையும் அப்படித்தானே பார்க்கும். முதல் நாள் ஒன்றும் வராது. மூன்றாவது நாள் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று வந்து, ஒன்று மாற்றி ஒன்று கத்தி, உங்களைப் பற்றி ஊருக்கே சொல்லும். ஒரு வாரம் போனால் அவையே உங்கள் முன்னால் தரையில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். என்னிடம் ஒரு குண்டுகரிச்சான் பதினோராவது நாள் ஆறடி தூரத்தில் துணிக்கொடியில் வந்து உட்கார்ந்து, வாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டு, தொண்டை துடிக்கப் பாடியது. பாடும்போது அதன் கீழலகு அதிர்வதுகூடத் தெரிந்தது. அன்றைக்கும் நான் கேமரா எடுக்கவில்லை.

இப்போது அந்த மோசமான கதை.

கேமரா வாங்கிய முதல் வருடம், செம்பருத்தியில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. சின்னான் என்றும் சொல்வார்கள், வாலுக்கு அடியில் சிவப்பாக இருக்குமே அதுதான். என் தோள் உயரத்தில் கிண்ணம் மாதிரி ஒரு கூடு, வெளிர் ரோஜா நிறத்தில் செம்புள்ளி போட்ட மூன்று முட்டை. குஞ்சு பொரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழு கொண்டுவரும், சிவந்த வாய் மூன்றும் ஒன்றாகத் திறக்கும், அந்தப் படம் எனக்கு வேண்டும். ஆனால் கூட்டுக்கு முன்னால் ஒரு கிளை குறுக்கே நின்றது. கிளையை நான் ஒடிக்கவில்லை, ஒடிப்பது பாவம் என்று அப்போதும் தெரியும். ஒரு நூல் எடுத்து அந்தக் கிளையை மெதுவாக ஒரு பக்கமாக இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். படம் எடுத்து முடித்ததும் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன். காலை வெயில் நேராகக் கூட்டுக்குள் விழுந்தது. அருமையான வெளிச்சம். நாற்பது படத்துக்கு மேல் எடுத்தேன். சாயங்காலம் வேலையிலிருந்து வர நேரமாகிவிட்டது, அவிழ்க்கவில்லை. மறுநாளும் எடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கூடு காலி. கிழிந்துகூடப் போகவில்லை, கிண்ணம் அப்படியே இருந்தது. மேலே மின்கம்பியில் காக்கை. எனக்கு அப்போதுதான் உறைத்தது, அந்தக் கிளை குறுக்கே நிற்கவில்லை, திரை மாதிரி நின்றிருந்தது. வெயிலுக்குக் குடையும் அதுதான். நான் போய்ப் போய் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் காக்கைக்கும் வழி தெரிந்திருக்கும். காக்கைமேல் எனக்குக் கோபம் இல்லை, அதற்கும் குஞ்சு இருக்கும். ஆனால் அன்றைக்கு மத்தியானம் வரை அந்தத் தாய்க்குருவி பச்சைப் புழு ஒன்றை அலகில் வைத்துக்கொண்டே வந்து வந்து கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே குனிந்து பார்த்தது. விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. கொடிக்குப் போகும், திரும்ப வரும், குனியும். நூல் அப்போதும் கட்டியபடிதான் இருந்தது, நான்தான் போய் அவிழ்த்தேன். அந்த நாற்பது படங்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கூர்மையான படங்கள், கண்ணில் ஒளிப்புள்ளி எல்லாம் இருக்கிறது. எங்கேயும் போட்டதில்லை, போடவும் மாட்டேன்.

எப்படியும் பாதிக் கூடுகள் தப்பிக்காது, இயற்கை அப்படித்தான், நீ ஏன் உன்மேல் போட்டுக்கொள்கிறாய் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். நான் கட்டாமல் விட்டிருந்தாலும் காக்கை கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் கட்டியது நான், அதனால் அந்தச் சமாதானம் எனக்கு ஒட்டவில்லை. நீங்கள் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள், இலையை ஒதுக்காதீர்கள், ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். வேறொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும், இல்லாத எதிரியைத் தேடி அலையும். தரையில் பறக்கத் தெரியாத குஞ்சு உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் அது அநாதை இல்லை, கூட்டை விட்டுக் கிளம்பிய குஞ்சு, பெற்றவை பக்கத்திலேயே இருக்கும். பூனை வராமல் பார்த்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள், போதும்.

இனி எனக்குப் பெருமையான ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் அம்மா சமையலறையிலிருந்து, "இங்க வந்து பாரு, இந்தக் குருவி இலையைத் தைக்குது" என்று மெதுவாகக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே எட்டடி தள்ளிப் பூந்தொட்டியில் நிற்கிற கத்தரிச் செடியில் தையல்சிட்டு. இலையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு, அலகால் ஊசி குத்துவதுபோலக் குத்தி, ஓட்டைக்குள் சிலந்தி நூலையும் பஞ்சையும் செருகி இழுத்தது. செருகிய பஞ்சு மறுபக்கம் உப்பிக்கொண்டு, சட்டைப் பொத்தான் மாதிரி பிடித்துக்கொள்கிறது, அதனால் முடிச்சே தேவைப்படவில்லை. ஓட்டை அவ்வளவு சிறியது, இலை வாடவே இல்லை, பச்சையாகவே இருந்தது. தைத்தது பெண்தான். நீள வால் வைத்த ஆண், கொடியில் உட்கார்ந்து அந்தச் சின்ன உடம்புக்குப் பொருந்தாத சத்தத்தில் கத்திக்கொண்டிருந்தது.

இப்போது நீயும் கூட்டைத்தானே எடுத்தாய் என்று கேட்பீர்கள். ஆமாம். கட்டுகிற சமயத்தில் தொந்தரவு செய்தால் பறவை அந்த இடத்தையே விட்டுவிடும் என்பதும் தெரியும். ஆனால் நாங்கள் தினமும் நடமாடுகிற அந்த ஜன்னலுக்கு எதிரே, எங்களைப் பார்த்துப் பழகித்தான் அது இடம் பிடித்தது. நான் வெளியே போகவில்லை, எதையும் தொடவில்லை, உள்ளே இருந்த விளக்கை அணைத்துவிட்டு இரண்டு காலை மட்டும் கண்ணாடி வழியாக எடுத்தேன். தையல் முடிந்ததும் நிறுத்திவிட்டேன். அது முட்டையிட்டு, குஞ்சுகள் பறந்து போகும் வரை அந்த ஜன்னலின் திரை மூடியே இருந்தது, அம்மா பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சமைத்தார்கள்.

இந்தப் படங்களை எடுத்தது உங்களிடம் இருக்கிற அதே 70-300 லென்ஸில்தான். கண்ணாடி வழியாக எடுக்கும்போது லென்ஸின் மூடுவளையத்தை (முன்னால் மாட்டுகிற லென்ஸ் ஹுட்) ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டி நேராக வையுங்கள், சாய்த்தால் படம் கலங்கும். அறை இருட்டாக இருந்தால் பிரதிபலிப்பு விழாது, பறவைக்கும் உங்களைத் தெரியாது. சின்னக் குருவிகள் ஒரு நொடிகூடத் தலையை ஆட்டாமல் இருக்காது, அதனால் உட்கார்ந்திருக்கிற பறவைக்கே ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போகாதீர்கள், பறப்பதற்கு 1/2000 வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், 1600, 3200 என்று ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பிறகு சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. குவியம் (ஃபோகஸ்) பறவையின் கண்ணில்தான் விழ வேண்டும், வால் மங்கினாலும் பரவாயில்லை. பறவைக்கும் அதன் பின்னால் இருக்கிற சுவருக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவுக்குப் பின்னணி கரையும். ஆகவே சுவரை விட்டு ஏழெட்டடி தள்ளி, காய்ந்த குச்சி ஒன்றை உங்கள் கண் உயரத்துக்கு நட்டு வையுங்கள். தண்ணீருக்கு வருகிற பறவை முதலில் அதில் உட்கார்ந்து சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். வெளிறிய வானம் பின்னால் இருந்தால் கேமராவின் எக்ஸ்போஷர் அமைப்பில் ஒளியை ஒரு படி (+1) கூட்டுங்கள், கரிச்சான், குயில் போன்ற கறுப்புப் பறவை என்றால் அவசியம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வெறும் நிழல்தான் மிஞ்சும்.

தண்ணீர் என்றேனே, தானியத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். தானியம் வைத்தால் புறாவும் எலியும்தான் முதலில் வரும், பூச்சி தின்கிற பறவைக்கு அதனால் பயனே இல்லை. ஆழமில்லாத மண் தட்டு, இரண்டு அங்குலத் தண்ணீர், நடுவில் ஒரு கல். தினமும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும், பறவைக்கும் நோய் வரும். செடிக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும், முழு வெட்டவெளியில் வைத்தால் வைரி என்கிற சின்ன வேட்டைப் பறவை அடிக்கும், இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பாருங்கள். பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் தட்டை அதற்கு மூன்றடிக்குள் வையுங்கள், இல்லை முப்பதடிக்கு அப்பால். நடுத்தர தூரத்தில் வைத்தால், மிரண்டு பறக்கிற பறவை முழு வேகத்தில் கண்ணாடியில் மோதிச் செத்துப்போகும்.

     

600 மி.மீ. லென்ஸ் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்தடிக்குப் பதினைந்தடி இடத்தில் அதை வைத்துக்கொண்டு எங்கே நிற்பீர்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த அளவு லென்ஸ்களில் பலவற்றுக்குக் குவியம் பிடிக்கவே எட்டடி, பத்தடி தூரம் தேவைப்படும், ஆனால் உங்கள் கொண்டைக்குருவி அதைவிடப் பக்கத்தில் வந்து உட்காரப்போகிறது. நாளைக்கு ஒரு நோட்டும் ஸ்டூலும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தப் பறவை எத்தனை மணிக்கு எந்தக் கிளையில் உட்கார்ந்தது, அப்போது அந்தக் கிளையில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுந்தது, இவை இரண்டையும் தினமும் எழுதுங்கள். ஒரு மாதம் ஆனதும் நோட்டைப் பிரித்துப் பார்த்து, அதிகமாக வந்த கிளைக்கு எதிரே கேமராவை வையுங்கள்.