டிடிஎஸ் 1100 காட்டுகிறது, ஆர்.ஓ. போட்டால் போதுமா?

கேள்வி: நகரை ஒட்டிப் புதிதாக வளரும் பகுதியில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். நான்கு பேர். பொதுக்குழாயில் வாரம் இரண்டு நாள் தண்ணீர் வரும். மற்ற நாட்களில் போர்வெல், கோடையில் லாரி. மூன்றும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கிறது, மறுநாள் மஞ்சளாகிவிடுகிறது. குழாய்களில் வெள்ளைப் படிவு. மீட்டரில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு, லிட்டருக்கு மி.கி.) 1100. பெரிய ஆர்.ஓ. ஒன்று போட்டால் எல்லாம் தீரும் என்கிறார்கள். சுற்றிலும் எல்லார் வீட்டிலும் செப்டிக் டேங்க். என்ன செய்வது?

பதில்: ஆர்.ஓ.வை, அதாவது மெல்லிய சவ்வு (மெம்பிரேன்) வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரத்தை, கடைசியில் யோசிக்கலாம். முதலில் சரிசெய்ய வேண்டியது உங்கள் சம்ப். மூன்று தண்ணீரையும் ஒன்றாகக் கலப்பதால் நல்ல தண்ணீரும் கெடுகிறது. பொதுக்குழாய்த் தண்ணீரில் கிருமி வராமல் காக்கும் குளோரின் கொஞ்சம் மிச்சம் இருக்கும். போர் தண்ணீரில் உள்ள இரும்பு அதைத் தின்றுவிடும்: 1 மி.கி. இரும்புக்கு ஏறக்குறைய 0.6 மி.கி. குளோரின் போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். நான்கு பேருக்கு நாளுக்கு 500 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், குடிக்கவும் சமைக்கவும் வேண்டியது 25 லிட்டருக்குள் அடங்கிவிடும். மீதி 475 லிட்டர் குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு. மொத்தத்தையும் குடிநீராக்க மெனக்கெடுவது வீண். பொதுக்குழாய்த் தண்ணீருக்கென்று 500 அல்லது 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று தனியாக வைத்து, அங்கிருந்து சமையலறைக்கு மட்டும் ஒரு லைன் இழுங்கள். போரும் லாரியும் பழைய சம்ப்புக்கே போகட்டும். இரண்டு லைன்களையும் ஒரு வால்வு வைத்து இணைத்துவிட்டு, 'தேவைப்பட்டால் திறந்துகொள்ளுங்கள்' என்று பிளம்பர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வால்வு என்றைக்காவது கசியும். தொட்டிக்குள் விழும் குழாயின் வாய், நீர்மட்டத்துக்குக் குறைந்தது ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். மூழ்கியிருந்தால், மெயின் லைனில் அழுத்தம் போகும்போது தொட்டித் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படும்.

இனி போர். மறுநாள் வரும் மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்புதான். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடப்பதால் பிடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டதும் துருவாகிப் பிரியும். உறுதிசெய்ய, மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பாதிவரை பிடித்துக் குலுக்கி, மூடியைத் திறந்து வையுங்கள். சில மணி நேரத்தில் மங்கலாகி, மறுநாள் அடியில் செம்பழுப்பாக வண்டல் தங்கி, மேலே தெளிந்திருந்தால் இரும்பு என்று கொள்ளலாம். கறுப்பாகப் படிந்தால் மாங்கனீசும் இருக்கக்கூடும். பிடித்த உடனேயே கலங்கலாக இருந்தால் அது களிமண்ணாகவோ, கேசிங் (போர்த் துளைக்குள் இறக்கிய பைப்) வழியே இறங்கும் மேல்நீராகவோ இருக்கும். இரும்பு லிட்டருக்கு 0.3 மி.கி. தாண்டினாலே வெள்ளைத் துணியில் கறை தெரியும். வெள்ளைப் படிவு கடினத்தன்மையால், அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகளால் வருவது. உடம்புக்குக் கெடுதல் என்பதைவிட கீசருக்கும் குழாய்க்கும்தான் கெடுதல்.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, உப்பின் அளவை உத்தேசமாகச் சொல்லும் கருவி. என்ன உப்பு என்று சொல்லாது. கிருமியையும் ஆர்சனிக்கையும் அது காட்டாது. 1100 என்பது முதலில் ருசி சம்பந்தப்பட்ட எண்: 600க்குக் கீழே ருசி நன்றாக இருக்கும், 1000க்கு மேல் உப்புக் கரிக்கத் தொடங்கும். 200 காட்டும் தண்ணீரிலும் மலக் கிருமி இருக்கலாம். இந்த ஒரு எண்ணைக் காட்டித்தான் பல இயந்திரங்கள் விற்பனையாகின்றன.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது கடைசி வரிதான். சுற்றிலும் செப்டிக் டேங்க் என்றால் ஈ-கோலி என்ற மலக் கிருமியும், கழிவிலிருந்து வரும் நைட்ரேட் உப்பும் போருக்குள் வர வாய்ப்புண்டு. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாவதால் லிட்டருக்கான அளவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 50 மி.கி. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இதற்கு மேலான நைட்ரேட் ஆபத்து: ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துக் குழந்தையை நீலம் பாரிக்கச் செய்யும்.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன் ஆய்வகச் சோதனை. பி.எச்., மொத்த உப்பு, கடினத்தன்மை, இரும்பு, மாங்கனீசு, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக், ஈ-கோலி ஆகியவற்றைக் கேளுங்கள். லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மி.கி., ஆர்சனிக் 0.01 மி.கி. தாண்டக்கூடாது. ஈ-கோலி 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. வேதிச் சோதனைக்கு 2 லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்தால் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும்; அதை அலசக்கூடாது, குளோரினை முறிக்கும் மருந்து உள்ளே இருக்கும். குழாயில் மாட்டிய வடிகட்டியைக் கழற்றி, வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, மூன்று நிமிடம் ஓடவிட்டு, பாட்டில் வாயிலும் மூடியின் உட்புறத்திலும் கை படாமல் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கோடைக் கடைசியில் ஒரு முறை, நல்ல மழைக்குப் பிறகு ஒரு முறை எடுங்கள். உப்பு முன்னதில் தெரியும், கழிவுநீர்க் கலப்பு பின்னதில் தெரியும்.

மழைக்குப் பிறகு கிருமி கூடினால், முதலில் போரின் தலையைப் பாருங்கள். கேசிங் பைப் தரைக்குமேல் குறைந்தது 30 செ.மீ. நிற்கிறதா? துளைக்கும் பைப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி சிமென்ட் கலவையால் அடைக்கப்பட்டிருக்கிறதா? மண்ணையும் ஜல்லியையும் கொட்டி மூடுவதுதான் வழக்கமான குறை. மேல்நீர் நேராக உள்ளே இறங்கும். செப்டிக் டேங்க் 30 மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. பாறை வெடிப்புள்ள இடத்தில் அதுவும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

எந்தக் கோளாறுக்கு எந்தக் கருவி? இரும்பு இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும்: தண்ணீரை ஷவர் போலக் காற்றில் தெளித்துத் தொட்டியில் விட்டு, வண்டல் படிந்தபின் மணல் அல்லது மாங்கனீசு பூசிய வடிகட்டி வழியே அனுப்புவது. இதைச் செய்யாமல் சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி) வைத்தால் அதனுள் இருக்கும் ரெசின் மணிகள் துருப்படிந்து பாழாகும்; ஆர்.ஓ. வைத்தால் மெம்பிரேன் அடைத்துக்கொள்ளும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கும், டிடிஎஸ் குறையாது. சாஃப்ட்னரின் அளவை நீங்களே கணக்கிடலாம். கடினத்தன்மை லிட்டருக்கு 500 மி.கி., ஒரு நாள் 500 லிட்டர் என்றால் நாளுக்கு 250 கிராம் நீக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் தாங்கும். 25 லிட்டர் ரெசின் ஐந்து நாளுக்கு வரும். அதன்பின் மூன்று கிலோ அளவில் உப்புக் கரைத்துப் புதுப்பிக்க வேண்டும்.

நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் எல்லை மீறினால், வேறு குடிநீர் கிடைக்காதபோது ஆர்.ஓ. தேவைதான், ஆனால் சமையலறையில் சிறியது போதும். ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைத் திரும்பக் கலக்க 'டிடிஎஸ் அட்ஜஸ்டர்' என்று ஒரு திருகு வைப்பார்கள். நீங்கள் எடுத்த நைட்ரேட்டே அதன் வழியே திரும்பி வரும், மூடிவைக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அது கழிப்பறைக்கு ஆகும், செடிக்கு ஆகாது. கிருமி மட்டுமே பிரச்சினை என்றால் யு.வி. (புற ஊதா விளக்கு) போதும், ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாமல் ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். வெளிச்சம் இருக்கும், வீரியம் இருக்காது. அவசரத்துக்கு, தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும்.

சம்ப்புக்கு பிளீச்சிங் பவுடர். 5000 லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் வீதம் 10 கிராம் வேண்டும். பவுடரில் 25 சதவீதம் வீரியம் என்று வைத்தால் 40 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி கழித்துக் குளோரின் சோதனைத்தாளில் லிட்டருக்கு 0.5 மி.கி. தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாதி அளவு இன்னொரு முறை. பொட்டலம் பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரை நம்பாதீர்கள்.

லாரி வந்தால் அதே தாளை முதல் வாளியில் நனைத்துப் பாருங்கள். குளோரின் துளியும் இல்லையென்றால் அது சோதிக்கப்படாத போர் தண்ணீர் என்றே கொண்டு, குடிநீர்த் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். ஹோஸின் முனை மண்ணில் புரள்கிறதா என்றும் கவனியுங்கள். பொதுக்குழாய் திறக்கும் நாளில் முதல் சில நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்: ஓட்டமில்லாத நாட்களில் குழாயின் ஓட்டைகள் வழியே ஊறிய சாக்கடைதான் முதலில் வரும். மெயின் லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் அந்தச் சாக்கடையை நீங்களே வலிய இழுக்கிறீர்கள். தண்ணீர் தானாக விழும்படி தரையடித் தொட்டி ஒன்று வைத்து, மோட்டாரை அதற்குப் பின்னால் மாட்டுங்கள்.