ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே பூட்ஸ் போதுமா?

பிரான்சின் கிரெனோபிள் நகரில் பனிச்சறுக்குக் கடை ஒன்றில் நெடுங்காலம் பூட்ஸ் பொருத்தும் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதுச்சேரி குருசுக்குப்பத்தில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகள் கிரெனோபிளில் படிக்கிறாள். போன குளிர்காலத்தில் வாடகை பூட்ஸ் போட்டு, பக்கத்து மலையான ஷாம்ரூஸில் சறுக்கப் பழகினாள். இந்த ஆண்டு தோழிகள் லிஃப்ட் இல்லாத மலையில் நடந்து ஏறி இறங்கக் கூப்பிடுகிறார்களாம். இரண்டு ஜோடி வாங்க வசதியில்லை. கடையில் ஒருவர் ஒரு கிலோ எடையுள்ளதைக் காட்டுகிறார், இன்னொருவர் இரண்டு கிலோ எடையுள்ளதைக் காட்டுகிறார். எதை வாங்கச் சொல்வது? அவள் செருப்பு அளவு 38.
— ஒரு தாய், முத்தியால்பேட்டை

அம்மா, முதலில் மகளிடம் ஒரு கணக்குக் கேளுங்கள். பத்து நாள் பனிக்குப் போனால் எத்தனை நாள் லிஃப்டில் ஏறுவாள், எத்தனை நாள் தன் காலால் ஏறுவாள்? கடைக்கு வரும் பிள்ளைகள் ஆசையைச் சொல்வார்கள். கணக்கைக் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். எட்டு நாள் லிஃப்ட்தான் என்றால் ஒரு கிலோ பூட்ஸை மறந்துவிடலாம். அது ஏறுவதற்கென்றே செய்தது. கெட்டியான சறுக்குத் தடத்தில் வேகமாக இறங்கும்போது ஒவ்வொரு அதிர்வும் நேராக முழங்காலுக்கு வரும். இரண்டாம் ஆண்டுக்காரிக்கு அது தண்டனை. இரண்டு கிலோ பூட்ஸோ இறங்க அருமையானது, ஆனால் அதில் கணுக்கால் மடங்காது. ஆயிரம் மீட்டர் ஏறிப் பார்த்தால் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. ஒரு காலுக்கு ஏறத்தாழ 1,300 முதல் 1,700 கிராம் வரை எடை, பின்னால் ஒரு நெம்புகோல், முனையிலும் குதிகாலிலும், பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் ஊசிகள் நுழைவதற்கான உலோகக் குழிகள். நெம்புகோலைத் திறந்தால் பூட்ஸின் மேற்பாகம் முன்னும் பின்னும் ஐம்பது பாகைக்கு மேல் ஆடும், பூட்டினால் இறுகிவிடும். உங்கள் மகளுக்கு இதுதான். விறைப்பு எண் 90-லிருந்து 100-க்குள் இருந்தால் போதும். அந்த எண் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு இல்லை. ஒருவரின் 100 இன்னொருவரின் 85. அதனால் எண்ணை நம்பி இணையத்தில் வாங்க வேண்டாம். போட்டு முழங்காலை முன்னால் தள்ளிப் பார்க்கட்டும்.

எடையைப் பற்றி இவ்வளவு பேசியது போதும். பூட்ஸ் கெடுவதும் உருப்படுவதும் அளவில்தான். 38 என்பது செருப்புக் கணக்கு. இங்கே பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில் வேண்டும். குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று நெடுவிரல் வரை அளக்கட்டும், இரண்டு காலையும். 24 வரும் என்று நினைக்கிறேன். பல கம்பெனிகளில் 24.0-க்கும் 24.5-க்கும் வெளி ஓடு ஒன்றேதான். அரை அளவுக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் மெத்தையை உருவிவிட்டு வெறும் ஓட்டில் காலை நுழைத்து, விரல் நுனி முன்னால் தொடும்படி நிற்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை விரல் நுழைந்தால் சரி. மூன்று விரல் நுழைந்தால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும், எவ்வளவு தள்ளுபடி என்றாலும். மெத்தையைப் போட்டபின் நேராக நிற்கையில் விரல் முட்டும். முழங்காலை மடக்கினால் விலகும். நேராக நிற்கும்போதே சுகமாக இருந்தால் அளவு பெரிது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்து, குதிகால் சிறுத்து இருக்கும். பெட்டியில் 98, 100, 102 என்று மில்லிமீட்டரில் போட்டிருக்கும் அகலம் பெரும்பாலும் 26.5 அளவுக்கானது, சின்ன அளவில் அதற்கேற்பக் குறையும். விரல் பக்கம் அழுத்துகிறது என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவார்கள், குதிகால் உள்ளே ஆடும், ஏறும்போது கொப்புளம் வெடிக்கும். சரியான நீளத்தை வாங்கி, அழுத்தும் இடத்தை மட்டும் சூடுகாட்டி விரித்துத் தரச் சொல்வதே முறை. இலேசான பிளாஸ்டிக் சில வேளைகளில் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். இரண்டாம் தடவையும் கடைக்குப் போக வேண்டியிருக்கும். முகம் சுளிக்காமல் போகட்டும். மாலையில் போனால் நல்லது, அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். மெல்லிய காலுறை ஒன்று மட்டும்.

அடுத்தது அடிப்பாகம். இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். அவளிடம் எந்த பைண்டிங் இருக்கிறது, அல்லது எதை வாங்கப் போகிறாள்? லிஃப்ட் சறுக்கலுக்கான பழைய பூட்ஸின் அடி தட்டையாக, வழுவழுப்பாக இருக்கும். அதன் தரக்குறியீடு ஐஎஸ்ஓ 5355. மலையேற்ற பூட்ஸின் அடி ரப்பராக, வளைந்திருக்கும், அது 9523. இரண்டுக்கும் நடுவில் கிரிப்வாக் என்ற அடி, 23223. விழும்போது பைண்டிங் காலை விட்டுவிட வேண்டும். அதற்கு அடி வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். தட்டை அடிக்கான பைண்டிங்கில் ரப்பர் அடியை மாட்டினால் அது ஒட்டிக்கொண்டு நிற்கும், முழங்கால் தசைநார் அறுந்துபோகும். மாட்ட முடிகிறதே என்பது ஆதாரமே இல்லை. பூட்ஸின் அடி கிரிப்வாக் என்றால் பைண்டிங்கில் கிரிப்வாக் என்றோ, எல்லா அடிக்கும் ஏற்றது என்பதற்கான எம்என்சி என்றோ, மலையேற்ற அடி என்றால் எம்என்சி என்றே எழுதியிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

ஒரே ஜோடி பூட்ஸ், ஒரே ஜோடி ஸ்கீ என்பவர்களுக்காகவே 2018-இல் ஷிஃப்ட் என்ற பைண்டிங் வந்தது. ஏறும்போது ஊசிகள் முனைக் குழிகளைப் பிடிக்கும், இறங்கும்போது சாதாரண பைண்டிங்போல் முனையையும் குதிகாலையும் கவ்வும். ஆனால் முனையில் கவ்வுவதற்கு உதடுபோன்ற விளிம்பு இல்லாத மிக இலேசான பூட்ஸை அது ஏற்காது. எதை வாங்கினாலும் பூட்ஸையும் ஸ்கீயையும் சேர்த்துக் கடை மேசைமேல் வைத்து, எடை, உயரம், வயது, பூட்ஸ் ஓட்டில் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும் அடிநீளம் எல்லாவற்றையும் பார்த்து பைண்டிங்கைத் திருகி அமைக்கச் சொல்லுங்கள். தோழி திருகித் தருவாள் என்பதெல்லாம் வேண்டாம்.

பணம் குறைவென்றால் மார்ச் கடைசி வரை பொறுக்கலாம், கடைகள் விலையைக் குறைக்கும். அதுவரை வாடகை.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஷாம்ரூஸில் ஏறுவதற்கென்றே குறியிட்ட தடங்கள் உண்டு. முதல் பருவம் அங்கே போதும். 1968 ஒலிம்பிக்கில் பிரெஞ்சுச் சறுக்கு வீரர் கில்லி மூன்று தங்கம் வாங்கிய மலை அது, யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. அதைத் தாண்டி பெல்தோன் மலைக்குள் போவதென்றால் பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பயன்படுத்தப் பழகியும் இருக்க வேண்டும். பிரான்சின் வானிலை அமைப்பான மெத்தெயோ பிரான்ஸ் குளிர்காலத்தில் ஒவ்வொரு மலைத்தொடருக்கும் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண் போட்டுச் சொல்கிறது. எண் 3 நடுவில் இருப்பதால் நடுத்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பெயரே 'கணிசமான அபாயம்'.

கேள்வி: நண்பர்களோடு பிப்ரவரியில் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறேன். பனியையே பார்த்ததில்லை. பூட்ஸ் வாங்கிக்கொண்டு போகலாமா?
— மஞ்சக்குப்பம், கடலூர்

வேண்டாம் தம்பி. அங்கேயே வாடகைக்கு எடுங்கள். முழங்கால் வரை வரும் மெல்லிய காலுறை மட்டும் சொந்தமாகக் கொண்டு போங்கள். கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடும். முதல் வாரத்தில் அங்கே போகும் வேலை உங்களுக்கு இல்லை.

கேள்வி: லியோனில் இருக்கிறேன், விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறேன். என் பூட்ஸில் அரை மணியில் விரல்கள் மரத்துப்போகின்றன. பெரிய அளவு வாங்கட்டுமா?
— லாஸ்பேட்டை

பெரும்பாலும் காரணம் நேர்மாறாக இருக்கும். பூட்ஸ் பெரிதாக இருப்பதால் கால் ஆடுகிறது, ஆடுவதால் பக்கிளை இழுத்துப் பூட்டுகிறீர்கள், புறங்காலில் ரத்த ஓட்டம் நிற்கிறது. மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்யுங்கள். அளவு சரி என்றால் புறங்கால் பக்கிளைத் தளர்த்தி, கணுக்கால் மேல் உள்ளதை இறுக்குங்கள். ஏறும்போது எல்லாவற்றையும் தளர்த்திவிடலாம்.

கேள்வி: அண்ணன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஸ்கீ பூட்ஸ் பதினைந்து வருடமாகப் பரணில் இருக்கிறது. புதிதுபோல் பளபளக்கிறது. அவர் பேரன் போட்டுக்கொள்ளலாமா?
— அரியாங்குப்பம்

பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஓட்டின் பிளாஸ்டிக்கான பாலியூரிதேன் வயதானால் கெட்டியாகி உடையும். நம் கடற்கரை ஈரத்தில் இன்னும் சீக்கிரம். சறுக்கும்போது ஓடு பிளந்தால் பேரன் மலைநடுவில் ஒற்றைக்காலில் நிற்பான். உலோகக் குழிகள் இருந்தால் அவற்றிலும் உப்புக்காற்றின் துரு ஏறியிருக்கும். தூக்கிப் போட மனமில்லை என்றால் பரணிலேயே இருக்கட்டும், பையனின் காலுக்கு மட்டும் வேண்டாம்.