தையல் மெஷினை உள்ளே கொண்டு வா

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, எனக்கு வயது 26. தண்டையார்பேட்டையில் அம்மா, அக்காவோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். அப்பா காலமாகிவிட்டார். ஈ.சி.ஈ. முடித்து அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். மனசு ஒட்டவில்லை, விட்டுவிட்டேன். இப்போது யூடியூபில் சினிமா சேனல் நடத்துகிறேன். எனக்கு உயிரான படம் 'இன்டர்ஸ்டெல்லார்'; பூமி புழுதியில் அழிந்துகொண்டிருக்க, வாழ வேறு கிரகம் தேடி விண்வெளிக்குப் போகிறவர்களின் கதை. அதன் முக்கியக் காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலசுகிறேன். தண்ணீர்க் கிரகக் காட்சியின் பின்னணி இசையில் வரும் 'டிக் டிக்' சத்தத்துக்கு மட்டும் தனி வீடியோ போட்டேன். நல்ல வரவேற்பு. ஆரம்பத்தில் ஆடியோ சரியில்லை; ராத்திரியில் அக்கா ஓரம் அடிக்கும் மெஷின் சத்தம் மைக்கில் விழுந்துகொண்டே இருந்தது. மெஷினை வெளியே படிக்கட்டுக்கு அடியில் போட்ட பிறகு ஆடியோ சுத்தமாகிவிட்டது. வருமானம் இன்னும் பெரிதாக இல்லை. அம்மா தினமும் திட்டுகிறார். 'அந்தப் படத்துல என்னதான்டா இருக்கு' என்கிறார். அக்காவும் முன்பு போலப் பேசுவதில்லை. ஒரு கலை ஆர்வத்தை வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை-81

பதில்: தம்பி, நீ அனுப்பியது பதினொரு பக்கம். மேலே அச்சாகியிருப்பது அதில் ஒரு பக்கம்கூட வராது. மிச்சத்தில் முக்கால்வாசி அந்தப் படத்தில் வரும் கருந்துளையைப் பற்றி. இயற்பியல் அறிஞர் கிப் தோர்ன் அந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தது, 2017-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஹான்ஸ் ஜிம்மர் சர்ச் ஆர்கனை வைத்து இசையமைத்தது எல்லாம் வரிசையாக இருக்கிறது. அக்காவுக்கு மொத்தமே நாலு வரி. எம்.சி. ரோட்டில் துணிக்கடை வேலை, வயது 31, ராத்திரியில் சேலைக்கு ஓரம் அடித்து ஃபால்ஸ் தைக்கிறாள், சீட்டுப் பணத்தில் உனக்கு மைக் வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒருத்தனுக்குக் கிரிக்கெட், ஒருத்தனுக்குக் கவிதை, இன்னொருத்தனுக்கு ஷேர் மார்க்கெட். 'வீட்டில் புரிந்துகொள்ளவில்லை' என்ற வரி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். உன் திறமையைப் பற்றியோ எதிர்காலத்தைப் பற்றியோ நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நாலைந்து குடித்தனம் இருக்கிற வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் என்ன இருக்கும் என்று உன் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் ஸ்விட்ச், பிளாஸ்டிக் குடங்கள், யாரோ விட்டுப்போன சைக்கிள், அழுது வடியும் ஒரு பல்பு, கொசு. காலையிலிருந்து கடையில் நின்றுவிட்டு வருகிறவள் அங்கே போய் உட்கார்ந்து அடுத்தவர் சேலைக்கு ஓரம் அடிக்கிறாள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்தது. உன் அக்காவின் கடையில் உட்கார விடுகிறார்களா? நீ கேட்டிருக்க மாட்டாய். அவள் நாள் முழுக்க உட்காருகிற ஒரே இடம் அந்த மெஷினுக்கு முன்னால் இருக்கிற ஸ்டூலாகக்கூட இருக்கலாம். அதைத்தான் நீ வாசலுக்கு வெளியே தள்ளியிருக்கிறாய். ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் உள்ளே ஏறினால் முதலில் நனைவது படிக்கட்டுக்கு அடியில் இருப்பதுதான். யாருடைய பட்டுச் சேலையாவது பாழானால் யார் பணம் கொடுப்பது? அதற்கும் ஒரு சீட்டு எடுப்பாளா?

உன் டிக் டிக் வீடியோவைப் பார்த்தேன். நன்றாகத்தான் பேசுகிறாய். கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் என்றால் பூமியில் ஏழு வருடம், ஆகவே ஒரு டிக்குக்குப் பூமியில் ஒரு நாள் என்கிறாய். ரசிகர்கள் பலரும் சொல்வதுதான். கணக்குப் போட்டால் ஒரு நொடிக்குப் பூமியில் சுமார் 17 மணி நேரம் வருகிறது. டிக்குக்கும் டிக்குக்கும் நடுவே ஒன்றேகால் நொடி என்று நீ சொல்வதை வைத்தால் 21 மணி நேரம் சொச்சம். நாளுக்குக் கொஞ்சம் குறைகிறது, போகட்டும். அந்தச் சத்தம் எதற்கு அங்கே இருக்கிறது? அங்கே இறங்கிய விண்வெளி வீரர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் வேறு யாருடைய ஆயுளிலோ கழிகிறது என்று சொல்லத்தானே? தகவல் பெட்டியை எடுக்காமல் வரமாட்டேன் என்று அவர்களில் ஒருத்தியான பிராண்ட் பிடிவாதம் பிடிக்கிறாள். கிரகத்தில் கழிந்தது மூன்றேகால் மணி நேரம் சொச்சம். மேலே விண்கப்பலில் காத்திருந்த சக வீரர் ரோமிலிக்கு 23 வருடம். அவர் வயதாகிப் போய் நிற்கிறார்.

இதையெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தேடித் தேடிக் கேட்டவன் நீ. உன் வீட்டிலும் ராத்திரி முழுக்க ஒரு சத்தம் ஓடியது. உன் சாப்பாடு, வாடகை, நெட் பில் எல்லாவற்றிலும் அந்தச் சத்தத்துக்குப் பங்கு இருக்கிறது. அது உனக்கு ஆடியோ பிரச்சினை. அதையும் அவள் வாங்கிக் கொடுத்த மைக்கை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறாய்.

சரி, காட்சிகளை அலசுகிறவன் என்பதால் உன் வழிக்கே வருகிறேன். கதாநாயகன் கூப்பர் கப்பலுக்குத் திரும்பி வந்து, வீட்டிலிருந்து வந்து சேர்ந்த 23 வருடச் செய்திகளைப் பார்க்கும் காட்சிக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அப்பா அழுகிறார், பெரியவளாகிவிட்ட மகள் மர்ஃப் திரையில் வருகிறாள், உனக்கு அதுதான் காட்சி. மர்ஃபிடமிருந்து அங்கே வருவது ஒரே ஒரு செய்தி, தம்பி. அதற்கு முன்னால் வருடக்கணக்காக அனுப்பிக்கொண்டிருந்தவன் அவள் அண்ணன் டாம். படிப்பு முடிந்ததைச் சொல்கிறான், காதலியைக் காட்டுகிறான், பிறந்த குழந்தையைக் காட்டுகிறான், தாத்தா இறந்ததைச் சொல்கிறான். பதிலே வராத இடத்துக்கு இத்தனையும். உன் பதினொரு பக்கத்தில் டாம் என்ற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

இத்தனைக்கும் அவன் கதை முதலிலேயே ஆரம்பித்துவிடுகிறது. 15 வயதுப் பையனின் மதிப்பெண்ணைப் பார்த்து, இவனுக்குக் கல்லூரி வேண்டாம், விவசாயம் போதும் என்று பள்ளிக்கூடத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்பா அங்கே சண்டை போடுகிறார், அதோடு சரி. கிளம்பும்போது மகளுக்குக் கைக்கடிகாரம்; மகனுக்கு வீட்டையும் தங்கையையும் பார்த்துக்கொள்ளும் வேலை. நம் வீடுகளில் மூத்ததுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான். அவன் அந்த மண்ணை விட்டு நகரவே இல்லை. பிள்ளை புழுதியில் இருமிக்கொண்டிருந்தும் கிளம்ப மறுக்கிறான், அந்தப் பிடிவாதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. கடைசியில் தங்கை அவனை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சோளக்காட்டுக்குத் தீ வைக்கிறாள். உலகத்தைக் காப்பாற்றும் விடை கையில் கிடைத்ததும் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடிக்கிறாள். அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. அதோடு டாம் படத்தை விட்டே போய்விடுகிறான். விண்வெளி நிலையத்தில் கண் விழிக்கும் கூப்பர் மகளைப் பார்க்கப் போகிறார், மகன் என்ன ஆனான் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. 2014-ல் படம் வந்ததிலிருந்து பல பேருக்கு இது உறுத்தியிருக்கிறது, எனக்கும்தான். கிறிஸ்டோபர் நோலன் எவ்வளவு பெரிய இயக்குநராக வேண்டுமானாலும் இருக்கட்டும். வீட்டைத் தாங்கினவனைப் பற்றி விசாரிக்காத ஆளை நல்ல தகப்பன் என்று என்னால் சொல்ல முடியாது.

அக்காவுக்கு 31 வயது என்று எழுதியவன், அவளுக்கு என்ன ஆசை என்று எழுதவில்லை. கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்பது அவள் விருப்பம். ஆனால் அதை உட்கார்ந்து யோசிக்கக்கூட நேரம் இல்லாமல் அவள் வயது ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் உனக்கும் பங்கு இருக்கிறது. என்னுடையது பழைய எண்ணம்தான்: அக்கா இரண்டு வேலை பார்க்கும் வீட்டில், கைகால் நன்றாக இருக்கிற தம்பி குறைந்தது ஒரு வேலையாவது பார்க்க வேண்டும். கலைஞனை வேலைக்குத் துரத்துகிறேன் என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும், அவர்கள் யாரும் உன் வீட்டு வாடகையைக் கட்டப் போவதில்லை.

எடிட்டிங் நன்றாக வரும் என்கிறாய். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருக்கிற கல்யாண ஸ்டுடியோக்களில் ஏறி இறங்கிக் கேள். தாலி கட்டுகிற காட்சியை வெட்டி ஒட்டுவது கேவலம் என்று நினைத்தால் அம்பத்தூருக்கே திரும்பிப் போ. வாடகையில் பாதி உன் கையிலிருந்து போக வேண்டும். மிச்ச நேரத்தில் கருந்துளைக்குள் போய் வா, யாரும் தடுக்க மாட்டார்கள். பதிவுக்கு அமைதியான இடம் இல்லை என்று மட்டும் திரும்ப எழுதாதே. அக்கா கடைக்குப் போயிருக்கும் பகல் முழுக்க வீடு உன்னுடையது. ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டுப் பேசு. ராத்திரிதான் வேண்டும் என்றால் மைக்கோடு படிக்கட்டுக்கு அடியில் நீ போய் உட்கார்.

அப்புறம் அம்மா. 'அந்தப் படத்துல என்னதான்டா இருக்கு' என்று கேட்டதை நீ திட்டாக எடுத்துக்கொண்டாய். கேள்வியாகவும் இருக்கலாம். ஊரில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் விளக்குகிறாய், கேட்ட அம்மாவுக்கு விளக்கினாயா? சமையல் முடிந்து ஓய்ந்திருக்கும் நேரத்தில் அந்தச் செய்திக் காட்சியை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டு. வெளியூர் போன ஆளுக்கு வீட்டிலிருந்து பிள்ளைகள் பேசுவதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஆங்கிலம் தேவையில்லை. நடுவில் நிறுத்தி வகுப்பு எடுக்காதே.

அதற்கு முன்னால் மெஷினை உள்ளே கொண்டு வா. கால் மிதிக்கிற இரும்பு மெஷின் என்றால் நல்ல கனம் இருக்கும். அம்மாவைத் தூக்க விடாதே, கீழ் வீட்டுப் பையன் யாரையாவது கூப்பிட்டுக்கொள். எங்கே வைக்க வேண்டும் என்று அக்கா சொல்லட்டும். டியூப்லைட் வெளிச்சம் ஊசியில் விழுகிறதா, ஃபேன் காற்று அவள் மேல் படுகிறதா என்று பார். வெளியே கிடந்ததில் பெல்ட் தளர்ந்திருந்தால் புதிதாக மாற்றிவிடு. அந்தச் செலவு உன்னுடையது.