மடல் வருகிறது, போகமாட்டேன் என்கிறது

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். லேப்டொப்பில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள். புதிய 4ஜி ரவுட்டர் எடுத்ததிலிருந்து மடல்கள் வருகின்றன. அனுப்பினால் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'டைம் அவுட்' என்கிறது. ஹட்டனில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனால் அதே லேப்டொப்பில் போகிறது. ரவுட்டரை மாற்ற வேண்டுமா?"

வேண்டாம், காசைச் செலவழிக்காதீர்கள். மடல் வருகிறது என்றால் ரவுட்டரும் இணைப்பும் வேலை செய்கின்றன. அக்கா வீட்டில் போகிறது என்றால் பாஸ்வேர்டும் சரி. மிஞ்சுவது, உங்கள் வீட்டு இணைப்பில் மடல் வெளியே போகும் வழி மட்டும்தான்.

மடல் வருவதும் போவதும் வெவ்வேறு போர்ட் வழியாக. போர்ட் என்பது இணைப்பில் எண் போட்ட ஒரு வாசல் மாதிரி. வருவதற்குப் பெரும்பாலும் 993. போவதற்கு 25, 465, 587 என்று மூன்று உண்டு. இதில் 25 ஆதிகாலத்து வழி. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் அதன் வழியே குப்பை மடல்களைக் கொட்டியதால், உலகெங்கும் பல இணையச் சேவைகள் வீட்டு இணைப்புகளில் 25ஐ அடைத்துவிட்டன. சில சேவைகள் அடைக்கவில்லை. அக்கா வீட்டில் போவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, இடதுபக்கப் பட்டியலின் அடியில் உள்ள 'அவுட்கோயிங் சர்வர்' பகுதிக்குப் போங்கள். போர்ட் 25 என்றிருந்தால் 587 ஆக்கி, பாதுகாப்பில் 'ஸ்டார்ட் டிஎல்எஸ்' தெரிவு செய்யுங்கள். அதுவும் போகாவிட்டால் 465, அதற்கு 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்'. இந்த ஜோடியை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 465இல் ஸ்டார்ட் டிஎல்எஸ் வைத்தால், முதலில் சர்வர் (உங்கள் மடலை வாங்கி அனுப்பும் கணினி) பேசட்டும் என்று தண்டர்பேர்ட் காத்திருக்கும். தண்டர்பேர்ட் தொடங்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். கடைசியில் அதே டைம் அவுட்தான் வரும், நீங்களும் போர்ட் அடைபட்டிருக்கிறது என்றே நினைப்பீர்கள்.

எப்படியாவது போனால் போதும் என்று பாதுகாப்பை 'நன்' (None, ஒன்றுமில்லை) என்று மட்டும் வைக்காதீர்கள். பாஸ்வேர்ட் மறைப்பே இல்லாமல் வெளியே போகும்.

அப்புறமும் சுற்றினால், வேறு கம்பனி சிம் உள்ள போனில் ஹொட்ஸ்பொட் போட்டு அனுப்பிப் பாருங்கள். அதே கம்பனி சிம் என்றால் அங்கேயும் அதே அடைப்பு இருக்கலாம், சோதித்ததில் பயன் இல்லை. வேறு சிம்மில் போனால், இணையச் சேவையை அழைத்து "587 திறந்திருக்கிறதா?" என்று போர்ட் எண்ணைச் சொல்லியே கேளுங்கள். மொட்டையாக 'மெயில் போகவில்லை' என்றால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருவேளை வெறும் மடல் போய், கோப்பு இணைத்தது மட்டும் நின்றால், அது பெரும்பாலும் சிக்னல் விஷயம். நம் மலைப்பக்கத்தில் டவர் ஒரு மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும். டவர் பலமாக அனுப்புவது நம்மை வந்து சேர்ந்துவிடும். சின்ன ரவுட்டர் திருப்பி அனுப்புவதுதான் திணறும். அதோடு இணைப்புக் கோப்பு மடலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு கூடும்: 15 எம்பி கோப்பு 20 எம்பி ஆகும். ரவுட்டரை டவர் பக்கத்து ஜன்னலோரம் வையுங்கள், பெரிய கோப்பை டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.

பழைய டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பண்டாரவளையில் ஒரு வீட்டில், கரண்ட் போய் வந்த நாளெல்லாம் 'சான்றிதழ் செல்லாது' என்று மெயில் நின்றுவிடுவதாகச் சொல்லி என்னை அழைத்தார்கள். சர்வரை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்திருந்தார்கள். நான் திரையின் மூலையைப் பார்த்தேன்: வருஷம் 2009. மதர்போர்டில் நேரத்தைக் காக்கும் பட்டன் பேட்டரி செத்திருந்தது. கரண்ட் போனதும் கடிகாரம் பின்னுக்கு ஓடிவிடும். சர்வர் தன் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ் அந்தத் தேதியில் பிறக்கவே இல்லை. கடையில் சிஆர் 2032 என்று கேட்டால் கொடுப்பார்கள். போட்டுவிட்டுத் தேதியைத் திருத்துங்கள்.